உங்கள் வீட்டு மெயின் வால்வு எங்கே இருக்கிறது? டெக்சஸ் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன், சான் அன்டோனியோ வட்டாரத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

உங்கள் தீபாவளி விழாவில் அரை மணி நேரம் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். பாட்டுக்கும் நடனத்துக்கும் நடுவே, சாப்பாட்டுக்கு முன்பாக, அரங்கம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து அந்த அரை மணியைக் கொடுங்கள். மேடையில் ஒருவர் நின்று, குளிர்காலத்தில் வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் ஏன் வெடிக்கின்றன, அதைத் தடுக்க என்ன செய்யலாம், வெடித்துவிட்டால் வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்த மெயின் வால்வை எப்படித் திருகி அடைக்க வேண்டும் என்பதைத் தமிழில் சொல்லட்டும். கூடவே தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத் துண்டறிக்கை. கேட்பது இவ்வளவுதான். நகராட்சியிடமோ வீடு கட்டிய கம்பெனியிடமோ கேட்காமல் சங்கத்திடம் ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2021 பிப்ரவரியில் இங்கே இருந்தவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் அதற்குப் பிறகு குடிவந்த குடும்பங்கள் இன்று நம் சங்கங்களில் ஏராளம். அவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மாதம் 15ஆம் தேதி, அதிகாலை ஒன்றரை மணியை நெருங்கும்போது, மாநிலத்தின் பெரும்பகுதிக்கு மின்சாரத்தை நிர்வகிக்கும் எர்காட் அமைப்பு மின்வெட்டுக்கு உத்தரவிட்டது. மாற்றி மாற்றி வெட்டுவோம் என்றுதான் முதலில் பேச்சு. பல தெருக்களுக்கு நாள் கணக்கில் மின்சாரம் வரவே இல்லை. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் கிடந்தன. மறுநாள் டாலஸ் விமான நிலையத்தில் பதிவான வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 19 செல்சியஸ். 1949க்குப் பிறகு இந்த ஊர் அப்படி ஒரு குளிரைப் பார்த்ததில்லை. புழுக்கத்துக்குப் பேர்போன ஹூஸ்டனிலேயே 13 ஃபாரன்ஹீட். மாநில சுகாதாரத் துறையின் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குளிரில் உடல் வெப்பத்தை இழந்து போனவர்கள்.

வீடுகளைப் பொறுத்தவரை, மின்சாரம் திரும்பி வந்த பிறகுதான் பெரிய துயரம் தொடங்கியது. குழாய் உறைந்து கிடக்கும்வரை அதில் விரிசல் விட்டது யாருக்கும் தெரியாது. உள்ளே இருக்கும் பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும். வீடு சூடாகி அது உருகியதும், நகரத்துக் குழாயின் முழு அழுத்தத்தோடு தண்ணீர் கொட்டத் தொடங்கும். அப்பாடா, ஹீட்டர் ஓடுகிறது என்று மூச்சுவிட்ட அந்த நேரத்தில்தான் எத்தனையோ வீடுகளில் கூரைப்பலகை ஊறிப் பொத்தென்று விழுந்தது. மேலே அடைத்திருந்த இன்சுலேஷன் பஞ்சு நனைந்த மூட்டையாகச் சோபா மேலும் கட்டில் மேலும் வந்து விழுந்தது. எங்கள் தெருவில் அன்று என்னிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: தண்ணீரை எங்கே நிறுத்துவது? படித்தவர்கள், பெரிய பொறுப்பில் இருப்பவர்கள், வீடு வாங்கிப் பல வருடமானவர்கள். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் வாளி வாளியாக அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

நம் ஊரில் இப்படி ஆகாது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் கேட் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். மோட்டார் போடுவதும், தொட்டி நிரம்பியதும் ஓடிப்போய் நிறுத்துவதும், வால்வு ஒழுகினால் திருகிப் பார்ப்பதும் அன்றாட வேலை. இங்கே தண்ணீர் தானாக வருகிறது, எப்போதும் வருகிறது. அதனால் அது எந்த வழியாக வீட்டுக்குள் நுழைகிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே வருவதில்லை. நீலகிரியையும் கொடைக்கானலையும் விட்டால் தமிழ்நாட்டில் உறைபனியைப் பார்த்தவர்களே குறைவு. குழாய்க்குள் தண்ணீர் உறையும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வரும்?

“நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் குளிர் அது, வந்து போய்விட்டது” என்று சங்கக் கூட்டங்களிலேயே சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. 1983 டிசம்பரிலும் 1989 டிசம்பரிலும் டெக்சஸ் உறைந்தது. 2011 பிப்ரவரியில் உறைந்தபோதும் மின்நிலையங்கள் விழுந்தன, மின்வெட்டு வந்தது. அதன் பிறகு கூட்டாட்சி அமைப்புகள் விசாரித்து, மின்நிலையங்களைக் குளிருக்குத் தயார்செய்யுங்கள் என்று அறிக்கை கொடுத்தன. அதைக் கட்டாயமாக்கும் மாநிலச் சட்டம் வருவதற்குப் பத்து வருடமும் இன்னொரு பேரிடரும் தேவைப்பட்டன. 2021 ஜூனில்தான் வந்தது. அடுத்த வருடமே, 2022 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு வெப்பநிலை மறுபடி சரிந்தது. மின்கட்டமைப்பு தாங்கியது, குழாய்கள் பல வீடுகளில் தாங்கவில்லை. அந்தச் சட்டம் மின்நிலையங்களுக்கானது. நாம் குடியிருக்கும் வீடுகளின் குழாய்கள் இன்னும் நம் பொறுப்பில்தான் இருக்கின்றன.

இந்த வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வடக்கே மின்னசோட்டா போன்ற இடங்களில் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ட் என்ற நிலவறை உண்டு, குழாய்களை வீட்டின் வெதுவெதுப்பான உள்பகுதிக்குள்ளேயே கொண்டுபோவார்கள். இங்கே நிலவறை அபூர்வம். தரையில் கான்கிரீட் போட்டு அதன்மேல் வீடு எழும்புகிறது. பழைய வீடுகளில் செம்புக் குழாய் அந்தக் கான்கிரீட்டுக்கு அடியில் ஓடும். புது வீடுகளில் பெரும்பாலும் கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக் வழியாகப் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய் ஓடுகிறது. வெந்நீர்த் தொட்டியையே அட்டிக்கில் வைத்திருக்கும் வீடுகளும் நிறைய. அட்டிக்கோ, கோடையில் சூடு தேங்காமல் வெளியேற வேண்டும் என்று காற்றுத் துவாரங்களோடு அமைத்தது. ஜனவரியில் வடகாற்று அதே துவாரம் வழியாக உள்ளே வருகிறது. வெளிச்சுவரோடு ஒட்டி அமைந்த சமையலறைத் தொட்டி, கராஜ் சுவருக்குள் ஓடும் குழாய், வெளிச்சுவரில் மாட்டிய தொட்டியில்லாத வெந்நீர்க் கருவி எல்லாமே இதே மாதிரி வெயிலை மட்டும் கணக்கில் வைத்துச் செய்தவைதான்.

எந்தக் குளிரில் கவலைப்பட வேண்டும்? இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வாளர்கள் 1990களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இன்சுலேஷன் இல்லாத குழாயைச் சூடில்லாத அட்டிக்கில் வைத்துப் பார்த்ததில், வெளியே வெப்பநிலை 20 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது மைனஸ் 7 செல்சியஸுக்குக் கீழே போகும்போது ஆபத்து தொடங்குகிறது என்று கண்டார்கள். காற்று நேராகப் படும் இடத்தில் அதற்கு முன்பே உறையலாம். ஆக, இரவு 30 ஃபாரன்ஹீட் என்று தொலைபேசி காட்டுவதற்கெல்லாம் பதற வேண்டாம். வெளிக் குழாய்களை மூடிவைத்தால் போதும். 20 என்று காட்டினால் அன்று மாலையே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். இந்த ஓர் எண்ணையாவது எல்லோர் மனதிலும் பதிய வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதே ஆய்வில் தெரியவந்த இன்னொரு விஷயத்தைத்தான் மேடையில் நிதானமாக விளக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் அளவுக்கு விரியும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதனால் பனிக்கட்டி குழாய்ச் சுவரைத் தள்ளி உடைக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயின் ஓரிடத்தில் பனி அடைத்துக்கொள்கிறது. அந்த அடைப்பு நீள நீள, அதற்கும் மூடிய குழாய்முனைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர், முனையை விரலால் பொத்திய ஊசிக்குழலில் இருப்பதைப்போல நசுங்குகிறது. போக வழியில்லாமல் அழுத்தம் பல மடங்கு ஏறி, இருப்பதிலேயே பலவீனமான இடத்தில் குழாய் பிளக்கிறது. அந்த இடத்தில் பனியே இல்லாமலும் இருக்கலாம். குழாயைச் சொட்டவிடுங்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான். ஓடும் தண்ணீர் சீக்கிரம் உறையாது என்பது ஒரு பயன். அதைவிடப் பெரிய பயன், நடுவே உறைந்தாலும் அழுத்தம் வெளியேற ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பது. சொட்டுவது நின்றுவிட்டது என்று பார்த்ததும் பலர் குழாயை இறுக மூடிவிடுகிறார்கள். அப்போது மூடவே கூடாது. காரணம் புரிந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. செய்முறைப் பட்டியலோடு நிறுத்தாமல் காரணத்தையும் சொல்லுங்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

சொட்டவிடும்போது வெந்நீர், குளிர்ந்த நீர் இரண்டு பக்கமும் சொட்ட வேண்டும். ஒரே கைப்பிடி உள்ள குழாயென்றால் நடுவில் நிறுத்த வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களும், மெயின் வால்விலிருந்து தூரத்தில் இருக்கும் குழாய்களும் முக்கியம். சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவைத் திறந்துவைத்தால் வீட்டுச் சூடு குழாய்க்குப் போகும். ஆனால் சொட்டவிடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. 2021இல் ஊரே குழாயைத் திறந்துவைத்தது. உடைந்த குழாய்களிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் பலவற்றுக்கு மின்சாரம் இல்லை. நகரத்துக் குழாய்களில் அழுத்தம் விழுந்தது. தண்ணீரைச் சொட்டவிடாதீர்கள் என்று ஹூஸ்டன் நகராட்சியே கேட்டுக்கொண்டது. ஆஸ்டினிலும் ஹூஸ்டனிலும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். மாநிலம் முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்ணீர்ச் சிக்கல்.

அப்படியானால் மிச்சம் இருக்கும் நம்பகமான வழி, மெயின் வால்வை அடைத்துக் குழாய்களை வடித்துவிடுவது. தண்ணீரே இல்லாத குழாய் வெடிக்காது. மின்சாரம் போய்விட்டது, எப்போது வரும் என்று தெரியவில்லை, வீடு குளிர்ந்துகொண்டே போகிறது என்றால் தயங்காமல் இதைச் செய்ய வேண்டும். முதலில் குளியல் தொட்டி, அண்டா, குடம், வாளி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் கழிவறைக்கும் வேண்டும். அப்புறம் வெந்நீர்த் தொட்டி. கேஸில் ஓடுவதாக இருந்தால் சின்னச் சுடர் மட்டும் எரியும் பைலட் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால் அதன் பிரேக்கரை அணைக்க வேண்டும். அதன் பிறகு மெயின் வால்வை அடைத்து, வீட்டின் உயரமான குழாயையும் தாழ்வான குழாயையும் திறந்தால் மேலே காற்று நுழைந்து கீழே தண்ணீர் வடியும். மற்றக் குழாய்களையும் திறந்துவிட்டு, கழிவறைத் தொட்டிகளை ஒருமுறை ஃப்ளஷ் செய்துவிட வேண்டும். தொட்டியில்லாத வெந்நீர்க் கருவி வெளிச்சுவரில் இருந்தால் அதையும் தனியாக வடிக்க வேண்டும். உறையாமல் காக்கும் சூட்டுக்கம்பி அதற்குள்ளேயே இருக்கிறது என்று விற்பவர் சொல்லியிருப்பார். உண்மைதான். ஆனால் அந்தக் கம்பிக்கும் மின்சாரம் வேண்டும். வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டருக்கும் இதே கதைதான். எங்களுக்குக் கேஸ் ஹீட்டர்தானே, மின்சாரம் போனால் என்ன என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அதன் காற்றாடி ஓடுவது மின்சாரத்தில்.

குழாய்க்கு மாட்டும் ஃபோம் உறையைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். வாங்கி மாட்டுங்கள், விலை குறைவு, ஒரு சனிக்கிழமையில் முடிகிற வேலை. அட்டிக்கில் பரப்பியிருக்கும் பஞ்சு குழாய்க்கு மேலே போர்த்தியிருக்க வேண்டும். குழாய்க்கும் கூரைப்பலகைக்கும் நடுவே இருந்தால் வீட்டுச் சூடு குழாயை எட்டவே எட்டாது. ஆனால் ஃபோம் உறை தானாகச் சூட்டை உண்டாக்காது. இருக்கும் சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஓர் இரவுக் குளிரைச் சமாளிக்க அது போதும். மூன்று நாள் மின்சாரம் இல்லாத வீட்டில் அது மட்டும் குழாயைக் காப்பாற்றாது. வெளிக் குழாயில் மாட்டிய தோட்ட ஹோஸைக் கழற்றுவது, குழாய்முனைக்கு மூடி போடுவது, புல்வெளி ஸ்ப்ரிங்க்ளரில் தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் பேக்ஃப்ளோ கருவியை அடைத்து வடித்துச் சுற்றிக்கட்டுவது இவையெல்லாம் நவம்பரிலேயே முடித்துவிடக்கூடியவை. ஹோஸை மாட்டியபடி விட்டால், உறையாத வகை என்று விற்கும் வெளிக் குழாயும் உடையும்.

மெயின் வால்வுக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் இந்த மடலின் உயிர் அதுதான். டாலஸ் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் முன்பக்கப் புல்வெளியில், நடைபாதைக்கு அருகே, தரையோடு தரையாக ஒரு மூடி இருக்கும். அதற்குள் தண்ணீர் மீட்டர். மீட்டருக்குத் தெருப்பக்கம் உள்ள வால்வு நகராட்சியுடையது; வீட்டுக்காரர் அதைத் தொடுவதை எல்லா ஊர்களும் ஏற்பதில்லை. வீட்டுப்பக்கத்தில், அதே பெட்டியிலோ பக்கத்தில் தனிப் பெட்டியிலோ, நம்முடைய வால்வு இருக்கும். சில வீடுகளில் அது கராஜ் சுவரிலோ ஒரு குளோசெட்டுக்குள்ளோ இருக்கும். பல வீடுகளில் பெட்டிக்குள் மண் மூடி, வால்வே கண்ணுக்குத் தெரியாது. கையுறை போடாமல் அந்த மூடியைத் திறக்க வேண்டாம். தீ எறும்பும் கறுப்பு விதவைச் சிலந்தியும் விரும்பிக் குடியிருக்கும் இடம் அது. மண்ணைத் தோண்டி எடுத்து, வால்வை ஒருமுறை அடைத்துத் திறந்து பார்த்துவிட வேண்டும். வருடக்கணக்கில் திருகாமல் இறுகிப்போன வால்வை, குளிர்ந்த ஓர் இரவில், டார்ச் வெளிச்சத்தில், தலைக்கு மேலே தண்ணீர் கொட்டும்போது முதன்முதலாகத் திருகிப் பார்ப்பது கொடுமை. அதைத் திருப்ப மீட்டர் சாவி என்று நீளமான டி வடிவக் கருவி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதிக விலையில்லை. வீட்டுக்கு ஒன்று இருக்க வேண்டியது.

சரி, இதையெல்லாம் நகராட்சி சொல்லாதா? சொல்கிறது. ஆங்கிலத்தில், ஸ்பானிஷில், ஒவ்வொரு குளிர்காலமும் சொல்கிறது. ஆனால் நம் வீடுகளில் பகல் முழுக்க இருப்பவர்கள் யார்? பேரப்பிள்ளையைப் பார்க்க விசிட்டர் விசாவில் ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மா, அப்பா, மாமியார், மாமனார். மகனும் மருமகளும் அலுவலகத்தில். தொலைபேசியில் அலறும் எச்சரிக்கை பெரியவர்கள் பலருக்குப் புரிவதில்லை. புரிந்தாலும், மகன் வீட்டில் எதையாவது திருகிக் கெடுத்துவிடுவோமோ என்று ஒதுங்கி நிற்பார்கள். ஊரில் ஒரு வீட்டையே கட்டி, கொத்தனாரோடும் பிளம்பரோடும் நின்று வேலை வாங்கியவர்கள் அவர்கள். தமிழில் ஒரு தாள், ஒரு படம், “அப்பா, இதைத்தான் திருகணும்” என்று ஒருமுறை காட்டல். இது போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, நாம் ஊருக்குப் போகும் காலம். பள்ளி விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. மார்கழிக் கச்சேரி, கல்யாணம், பொங்கல் என்று குடும்பத்தோடு சென்னைக்கும் கோவைக்கும் மதுரைக்கும் கிளம்பிவிடுகிறோம். மின்கட்டணம் மிச்சமாகட்டும் என்று ஹீட்டரை அணைத்துவிட்டோ மிகக் குறைத்து வைத்துவிட்டோ போகிறவர்கள் இருக்கிறார்கள். 2022இல் குளிர் வந்தது சரியாக அந்த வாரத்தில். ஆளில்லாத வீட்டில் உடைந்த குழாயை நிறுத்த யாரும் இல்லை. வாசல் கதவுக்கு அடியில் தண்ணீர் வழிவதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு காப்பீடு. குழாய் திடீரென்று உடைந்தால் பல பாலிசிகள் பணம் தரும். ஆளில்லாத வீடு என்றால் அவற்றிலேயே ஒரு நிபந்தனை வருகிறது: வீட்டில் சூடு இருக்கும்படி பார்த்துக்கொண்டீர்களா, இல்லையென்றால் தண்ணீரை அடைத்துக் குழாயை வடித்துவிட்டுப் போனீர்களா? இரண்டும் இல்லையென்றால் இழப்பீடு மறுக்கப்படலாம். ஒவ்வொருவரும் அவரவர் பாலிசியில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட வேண்டும். ஊருக்குப் போகும்போது பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டோமா என்று பார்ப்பதோடு மெயின் வால்வை அடைத்தோமா என்றும் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். தெர்மோஸ்டாட் 55 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போக வேண்டாம். வீட்டுச் சாவி பக்கத்தில் வசிக்கும் ஒருவரிடம் இருக்கட்டும்; வால்வு எங்கே என்பது அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

குளிர் வந்த இரவில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் யோசனைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. உறைந்த குழாயைத் தீயில் காட்டச் சொல்வது, வெளியே வைக்கும் கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து குளிர்காயச் சொல்வது, கராஜுக்குள் காரை ஓடவிட்டுச் சூடேற்றச் சொல்வது. கடைசி இரண்டும் ஆளைக் கொல்லும். 2021இல் டெக்சஸில் கார்பன் மோனாக்சைடு நச்சுக்காற்றில் மூச்சடைத்துக் குடும்பமாகவே மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு. அதற்கு மணமில்லை, நிறமில்லை. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்கு வெளியே, கதவு ஜன்னலுக்கு எட்டத்தில்தான் ஓட்ட வேண்டும். உறைந்த குழாயை உருக்க வேண்டுமானால் முதலில் அந்தக் குழாய்முனையைத் திறந்துவைத்து, ஹேர் ட்ரையரை முனைப்பக்கத்திலிருந்து உறைந்த இடத்தை நோக்கி மெல்லக் கொண்டுபோக வேண்டும். அதுவும் மெயின் வால்வு எங்கே என்று தெரிந்த பிறகுதான். உருகியதும் ஒழுகினால் உடனே அடைக்க வேண்டுமே.

அடுக்ககங்களில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதில் பாதி கையில் இல்லை. தங்கள் வீட்டுக்குத் தனி வால்வு உண்டா, நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது என்று நிர்வாக அலுவலகத்திடம் நவம்பரிலேயே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். வாடகைதாரர் காப்பீடும் எடுத்துக்கொள்ளட்டும். தீயணைப்புத் தெளிப்பான் குழாய்களில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்போது சங்கங்களிடம் கேட்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். டாலஸ் பக்கம் முதல் உறைநிலை இரவு சராசரியாக நவம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வருகிறது. ஹூஸ்டனில் இன்னும் தாமதம். தீபாவளிக்கும் அந்த இரவுக்கும் நடுவே நமக்கு நேரம் இருக்கிறது. விழாவில் அந்த அரை மணி. நுழைவுச் சீட்டோடு அந்தத் தாள். சங்க நிதியில் கொஞ்சம் ஒதுக்கி மீட்டர் சாவிகளை மொத்தமாக வாங்கி வாங்கின விலைக்கே கொடுத்தால், வாங்க மறந்தவர்கள் கையிலும் போய்ச் சேரும். ஊருக்குப் போகும் குடும்பங்களையும் இங்கேயே இருக்கும் குடும்பங்களையும் பகுதிவாரியாக இணைத்து, யார் வீட்டை யார் பார்ப்பது என்று ஒரு பட்டியல் போடலாம். கொலு வைப்பவர்கள் பட்டியலையும் கார்ப்பூல் பட்டியலையும் போடத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமில்லை.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நவம்பர் முதல் வாரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள்: அப்பா அம்மாவோடு போய் உங்கள் வீட்டு மெயின் வால்வைக் கண்டுபிடித்துப் படம் எடுத்து, அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் அடைபடும் என்று தமிழில் ஐந்து வரி எழுதி வாருங்கள். பிள்ளை கேட்டால் அப்பா மூடியைத் திறக்காமல் இருக்க மாட்டார். எந்தத் துண்டறிக்கையையும்விட இதுதான் அதிக வீடுகளில் வேலைசெய்யும் என்று நம்புகிறேன்.

பிளம்பர்கள் விஷயத்திலும் சங்கம் உதவலாம். பெரிய குளிருக்குப் பிறகு ஊரெல்லாம் ஆள் தட்டுப்பாடு வரும், பெக்ஸ் இணைப்புத் துண்டுகள்கூடக் கடைகளில் தீர்ந்துபோகும். அந்த நேரத்தில் வாசலில் வந்து நின்று முன்பணம் கேட்பவர்களிடம் பலர் ஏமாந்தார்கள். மாநிலப் பிளம்பிங் தேர்வு வாரியத்தின் தளத்தில் ஒருவரின் உரிமத்தைத் தேடிப் பார்க்க முடியும். அதை எப்படித் தேடுவது என்று மேடையில் ஒரு நிமிடம் காட்டினால் போதும்.

துண்டறிக்கையை நானே எழுதித் தருகிறேன். பிளம்பிங் உரிமம் உள்ள ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும். டாலஸ் வட்டாரத்தில் எந்தச் சங்க விழா, எந்தப் பள்ளியென்றாலும் வந்து பேசவும், மேடையிலேயே ஒரு பழைய வால்வை வைத்துத் திருகிக் காட்டவும் தயார். விழாத் தேதியை அக்டோபர் தொடக்கத்துக்குள் சொல்லிவிட்டால் அச்சிடுவதற்கும் மீட்டர் சாவிகளைச் சொல்லி வாங்குவதற்கும் நேரம் இருக்கும்.

அன்புடன்,
டாலஸுக்கு வடக்கே வசிக்கும் ஒரு சங்க உறுப்பினர்